செத்தவர்களின் கணக்கு

ஆஹென் என்ற ஜெர்மன் நகரப் பேருந்தில் என் முன் இருக்கையில் வயதான யாழ்ப்பாணத் தம்பதி பேசிக்கொண்டு வந்தார்கள்.

"முந்தின காலத்தை விட இப்ப சண்டையளில சாகிற சனம் குறைவாம். ரேடியோவில சொன்னவை," என்றார் கணவர்.

"ஒரு குண்டுக்கு ஒரு ஊரே போகுது. வாளால அப்பிடி ஏலுமே?" என்றார் மனைவி.

"அப்ப சின்னக் காயத்துக்கே செத்தவங்கள். இப்ப மருந்து இருக்கெல்லே."

"செத்த ஆக்களை ஆர் ஒழுங்கா எண்ணினது? சண்டைக்குள்ள காணாமல்போன உங்களையும் செத்தவையோட சேர்த்துத்தானே எண்ணினவை. நானும் நம்பி, உங்கட படத்துக்குப் படையல் வைச்சு அழுதனான்."

கணவர் மனைவியின் பக்கம் திரும்பினார்.

"என்ன கறி வைச்சனீர்?"

"உங்களுக்குப் பிடிச்ச கத்தரிக்காய்ப் பால்கறி."

"இண்டைக்கும் அதையே வையுமன். அண்டைக்கு நான் சாப்பிடேல்லையெல்லே."

அந்த அம்மா சிரித்துக்கொண்டே மணியை அழுத்தினார்.

"அப்ப கடையடியில இறங்குவம், வாங்கோ."