மூணு கம்ப்யூட்டர்ல மட்டும் வராத லேபிள்

அக்கா: ...அப்போ பிரிண்டர் மெஷின்லதான் கோளாறுன்னு எழுதிட்டுக் கிளம்பேன் தங்கச்சி. உனக்கும் வேலை மிச்சம், எங்களுக்கும் நிம்மதி.

டெக்னீஷியன்: மெஷின் நல்லாத்தான் இருக்குக்கா. வாசல் பக்கத்துக் கம்ப்யூட்டர்ல இருந்து குடுத்தா பார்சல் லேபிள் வருது. எடை மேஜையில இருந்தும் வருது. உங்களோடது, இந்த அண்ணாவோடது, பேக்கிங் மேஜையோடது... இந்த மூணுல இருந்து மட்டும்தான் வரல.

ஓட்டவாய்: அதான் எனக்கும் புரியல. எடை மேஜைக்காரரு நம்ம கூட்டத்துல சேரவே மாட்டாரு. அன்னைக்கு நாம எல்லாரும் சேர்ந்து சிரிச்சப்பகூட அவரு மட்டும்...

அக்கா: வாயை மூடு! ...எந்தக் கூட்டமும் இல்லம்மா. இவனுக்கு ஓட்டவாய்னு சும்மா பேரு வைக்கல நாங்க.

டெக்னீஷியன்: என்ன சிரிப்பு?

அக்கா: அது... பழைய சிரிப்பு. நீ வேலையைப் பாரும்மா.

டெக்னீஷியன்: நேத்து எங்க கம்பெனி புது சாஃப்ட்வேர் போட்டுச்சே, அதுக்கு அப்புறம்தானே இப்படி?

அக்கா: ஆமா. நேத்து வரைக்கும் கண்ணை மூடிக்கிட்டு அடிச்சோம். இப்போ பார்சலைப் பாரு, சீலிங்கைத் தொடுது. கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் நிக்கிறவங்க என்னைக் கடிச்சுத் துப்பாத குறைதான்.

ஓட்டவாய்: அதுவும் இன்னைக்குன்னு பார்த்து! அக்காவை சூப்பர்வைசர் ஆக்குற பேப்பர் மேனேஜர் மேஜையில கிடக்கு. இன்னைக்குக் கையெழுத்து.

அக்கா: போடுவாரோ, கிழிப்பாரோ! எனக்கு அப்புறம் வந்து சேர்ந்தவன் எல்லாம் ஃபேனுக்குக் கீழே உக்காந்துட்டான். நான் மட்டும் இந்த ஆடுற ஸ்டூல்லயே காலம் தள்ளுறேன். எனக்கு எவ்வளவு வயித்தெரிச்சலா இருக்கும்னு நினைச்சுப் பாரு.

டெக்னீஷியன்: மேனேஜர் அவ்வளவு கடுப்பான ஆளா?

அக்கா: வந்து கொஞ்ச மாசம்தான் ஆச்சு. அந்தாளு பல்லை இதுவரைக்கும் யாரும் பார்த்ததில்ல. காலையில வணக்கம் வெச்சா, கடன் கேட்ட மாதிரி முறைப்பாரு.

டெக்னீஷியன்: வீட்டுல எப்படியோ...

ஓட்டவாய்: வீட்டுல இன்னும் மோசமா இருப்பாரு. பாவம் அந்தம்மா! சாப்பாட்டுல உப்பு கம்மியா இருந்தா மெமோ குடுப்பாருன்னு நினைக்கிறேன்.

டெக்னீஷியன்: க்க்... ம்க்கும்... ஒண்ணுமில்ல. இருமல்.

அக்கா: இருமுற மாதிரி தெரியலையே.

டெக்னீஷியன்: தூசிக்கா, தூசி. சரி, உங்க கம்ப்யூட்டர்ல இருந்து ஒரு டெஸ்ட் லேபிள் அடிக்கிறேன். சாஃப்ட்வேரை விட்டுட்டு, நேரா மெஷினுக்கு.

அக்கா: ஐயோ வேணாம்! லேபிள் ரோல் விலை என்ன தெரியுமா?

டெக்னீஷியன்: ஒண்ணே ஒண்ணுதான்... இந்தா, சத்தம் கேக்குதா? வந்துருச்சு! அப்போ சாஃப்ட்வேர் வழியா போனாதான் தகராறு... அக்கா, ஏன் இப்படி விழுந்தடிச்சு ஓடுறீங்க? நானே எடுத்துக்குறேன்.

அக்கா: நீ விருந்தாளி மாதிரி வந்திருக்கே, உன்னை எந்திரிக்க வைக்கலாமா?

டெக்னீஷியன்: எங்கே, குடுங்க.

அக்கா: எதை?

டெக்னீஷியன்: இப்போ எடுத்தீங்களே, அந்த லேபிளை.

அக்கா: அதுவா... கசங்கிருச்சு. குப்பையில போட்டுட்டேன்.

டெக்னீஷியன்: குப்பைக்கூடை என் காலுக்குக் கீழே இருக்கு. கையைக் காட்டுங்க.

அக்கா: இந்தா, பார்த்துக்கோ! ரெண்டு கையும் காலி.

ஓட்டவாய்: அக்கா, இப்போ எதுக்கு என் முதுகுல பட்டுன்னு அடிச்சே?

அக்கா: கொசு.

ஓட்டவாய்: இந்த வெயில்லயா?

அக்கா: வழி தவறி வந்திருக்கும். நீ அந்தச் சுவத்துல சாஞ்சு நில்லு. அசையாதே.

ஓட்டவாய்: அசையாம எப்படி? மேனேஜர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து கையை ஆட்டுறாரு. என்னைத்தான். இதோ வரேன் சார்!

அக்கா: டேய், நில்லு! போகாதே, நான் போறேன்... போயிட்டான். போச்சு, எல்லாம் போச்சு. என் வாயில நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கிட்டேன்.

டெக்னீஷியன்: என்னக்கா, மூஞ்சியெல்லாம் வெளுத்துருச்சு? இருங்க... அந்த அண்ணா முதுகுல என்னமோ வெள்ளையா ஒட்டியிருக்கே. அது என் டெஸ்ட் லேபிள்!

அக்கா: மெதுவாம்மா, மெதுவா!

டெக்னீஷியன்: அதுல பிரிண்டர் பேரு பெருசாத் தெரியுது... உம்... உம்மணா...

அக்கா: படிக்காதே!

டெக்னீஷியன்: உம்மணாமூஞ்சி!

அக்கா: ஊரைக் கூட்டு, போ.

டெக்னீஷியன்: பிரிண்டருக்கு யாருக்கா இந்தப் பேரு வெச்சது?

அக்கா: நான்தான். பின்ன என்ன? இந்த மெஷினும் காலையில உர்ருன்னுதான் எந்திரிக்குது. எதைக் குடுத்தாலும் முழுங்கிட்டுச் சிவப்பு லைட்டைக் காட்டுது. அச்சு அசல் மேனேஜர்! ஒரு நாள் விளையாட்டா என் கம்ப்யூட்டர்ல மாத்தி வெச்சேன். ஓட்டவாய் பார்த்தான், தனக்கும் வேணும்னான். அப்புறம் பேக்கிங் மேஜை...

டெக்னீஷியன்: அட கொடுமையே! பழைய சாஃப்ட்வேர் பேரைப் பத்திக் கவலைப்படாது, எது இருக்கோ அதுக்கு அனுப்பிரும். புதுசு அப்படியில்ல. 'லேபிள்'ங்கிற பேருல பிரிண்டர் இருக்கான்னு தேடும். நீங்க பேரை மாத்தின மூணுலயும் அப்படி ஒண்ணு கிடையாது. பாவம், அது யாருக்குன்னு அனுப்பும்?

அக்கா: விளையாட்டு வினையாச்சுன்னு சும்மாவா சொன்னாங்க. அந்தாளு மட்டும் இவன் முதுகைப் பார்த்திருந்தா, சூப்பர்வைசரும் இல்ல, இந்த ஸ்டூலும் இல்ல... இந்தா, வந்துட்டான். டேய், அவருக்கு முதுகைக் காட்டினியா?

ஓட்டவாய்: நானா? அந்தாளுக்கு முதுகைக் காட்டுற தைரியம் எனக்கு எங்க இருக்கு? கும்பிட்டுக்கிட்டே பின்னாடியே நடந்து வந்து கதவுல இடிச்சுக்கிட்டேன். மண்டை வீங்கியிருக்கா பாரு.

அக்கா: நீ நல்லா இருப்பேடா! திரும்பு.

ஓட்டவாய்: ஆ! சட்டை கிழியுது! அட... இது நம்ம உம்மணாமூஞ்சி ஆச்சே! கொசுன்னு சொன்னே?

டெக்னீஷியன்: தள்ளுங்க ரெண்டு பேரும். இதுல பேரை மாத்திட்டேன்... இதுலயும்... பேக்கிங் மேஜையிலயும் முடிஞ்சுது. இப்போ அடிங்க.

அக்கா: வருது! வருது! வரிசையா வருது பாரு!

ஓட்டவாய்: ஆனா அக்கா... மேனேஜர் ஒண்ணு சொல்லி அனுப்பினாரு. கோளாறு சாஃப்ட்வேர்லயா, கவுன்ட்டர்ல இருக்குற ஆளுங்க பண்ணதான்னு டெக்னீஷியன் நேர்ல வந்து சொல்லணுமாம். அதுக்கு அப்புறம்தான் அந்தப் பேப்பர்ல பேனாவையே வைப்பாராம்.

அக்கா: முடிஞ்சுது கதை.

டெக்னீஷியன்: எதுக்குக்கா பயப்படுறீங்க? சாஃப்ட்வேர் தப்புன்னு சொல்றேன். பிரிண்டர் கிடைக்கலைன்னா, எதுக்கு அனுப்பணும்னு அது உங்களைக் கேட்டிருக்கணும். கேக்காதது எங்க தப்புதானே?

அக்கா: எங்களுக்காக நீ உன் கம்பெனி தலையில பழியைப் போடுவியா? உனக்கு என்னம்மா தலையெழுத்து?

ஓட்டவாய்: இருங்க, எனக்கு ஒரு சந்தேகம். காலையில மேனேஜர் லேப்டாப்லயும் லேபிள் வரலைன்னு கத்தினாரு. இந்தத் தங்கச்சி வந்ததும் முதல்ல அவர் ரூமுக்குத்தான் போச்சு, போன வேகத்துல சரி பண்ணிட்டு வந்துருச்சு. நாங்க அந்த லேப்டாப் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்கலையே!

அக்கா: சத்தியமா தொடலம்மா! அங்கேயும் யாரோ பேரை மாத்தியிருந்தா அந்தப் பழியும் என் தலையிலதான் விழும். உனக்குப் புண்ணியமாப் போகும், உம்மணாமூஞ்சி விஷயம் மட்டும் அவர் காதுக்குப் போகவே கூடாது. சொல்ல மாட்டேல்ல?

டெக்னீஷியன்: எந்த வாயால நான் சொல்லுவேன்க்கா? அந்த லேப்டாப்ல பிரிண்டருக்கு 'புள்ளப்பூச்சி'ன்னு பேரு வெச்சதே நான்தான்... வீட்டுல எங்க அம்மா, அப்பாவை அப்படித்தான் கூப்பிடும்.