கை வராத ஹீரோ

பாயான் பாருவிலிருந்து ஜார்ஜ் டவுனுக்குப் போகும் பேருந்தில் மேல்கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்தேன். எனக்குக் கீழே தொழிற்சாலைச் சீருடையில் உட்கார்ந்திருந்த இளைஞன் பக்கத்து இருக்கைப் பெண்ணிடம் சொன்னான்: "அவனுக்கு இன்னும் கை வரலக்கா."

யாருக்கோ விபத்து என்று நான் பதறிப்போனேன். அந்த அக்காவோ சிரித்தார். "ஸ்கூல்ல நீ வரைஞ்ச காமிக்ஸ்ல மட்டும் ஹீரோவுக்குக் கை இருந்துச்சா?"

"நேத்து அதைத்தான் எடுத்துப் பார்த்தேன். அறுபது பக்கமும் கைய பாக்கெட்லயே விட்டுக்கிட்டு நிக்கிறான். சண்டைகூட கால்லதான் போடுறான்."

"அப்படியே இதையும் முடிச்சிடு லா."

"எப்படிக்கா? சொந்தமா நான் போடுற முதல் புக். நாளைக்குப் பிரிண்டிங்குக்குக் கொடுக்கணும். இதுல அவன் தண்ணீர்மலைக் கோயிலுக்குக் காவடி எடுக்கிறான். கைய பாக்கெட்ல விட்டா காவடிய யாரு பிடிக்கிறது?"

"கைவந்த கலைம்பாங்க. உனக்குக் கை மட்டும்தான் வரல."

அவன் சிரிக்கவில்லை. நகத்தைக் கடித்தபடி நிமிர்ந்தவன் என் கையைப் பார்த்துவிட்டான்.

"அக்கா, அந்த அங்கிள் கை, காவடி பிடிச்ச மாதிரியே இருக்கு!" என்று கிசுகிசுத்துப் பென்சிலை எடுத்தான்.

காவடி என்ன, நான் அரிசி மூட்டைகூடத் தூக்கியதில்லை. இருந்தாலும் பிடியை இறுக்கிக்கொண்டேன்.

நான் இறங்க வேண்டிய இடம் வந்தது, போனது. கட்டைவிரல் இன்னும் பாக்கி இருந்தது.