பழைய பாஸ்வேர்டு

தாம்பரத்தில் மின்சார ரயில் கிளம்பியதும் எதிர் இருக்கைக்காரர் பக்கத்திலிருந்த நண்பரிடம் சொன்னார்: "வீட்ல புது வைஃபை ரூட்டர் போட்டதும் என் வொய்ஃப் போனும் கனெக்ட் ஆயிடுச்சு சார்."

"அவங்கதான் தவறிட்டாங்களே!"

"பதினாறாம் நாள் முடிஞ்சதும் அந்த போனை எக்ஸ்சேஞ்சுல குடுத்துட்டேன். ஸ்மார்ட் பல்பெல்லாம் தானா சேரட்டும்னு பழைய பேரு, பழைய பாஸ்வேர்டையே வெச்சேன். பல்பு சேர்ந்துச்சு. கனெக்ட் ஆன லிஸ்ட்ல அவ போனும் வந்துச்சு."

"வாங்கினவன் உங்க தெருவுல இருப்பான் சார்."

"ரூட்டர்ல ரெண்டு பேண்ட், அதாவது அலைவரிசை இருக்கு. 2.4-ங்கறது தெரு வரைக்கும் போகும், பல்பெல்லாம் அதுல. அவ போன் இன்னொண்ணுல, 5-ல இருக்கு."

நான் செல்போனைப் பார்ப்பதுபோல் குனிந்திருந்தேன். குரோம்பேட்டை வந்தது. அங்கே இறங்குவதற்காகப் பையை எடுத்த நண்பர் இறங்கவில்லை.

"அதனால என்ன சார்?"

"5 எங்க ஹாலையே தாண்டாது."