இரண்டு லோடு மணல் இறக்கியது குறித்து

நான் கண்ணாடி பாட்டில் தொழிற்சாலைக்கு மணல் கொடுப்பவள். வயது நாற்பத்தேழு. கணவர் இல்லை. புறவழிச் சாலையில் எங்கள் மணல் சலிக்கும் கூடத்துக்குப் பின்னாலுள்ள வீட்டில் மகளுடனும் தம்பியுடனும் குடியிருக்கிறேன். திவாலான தொழிற்சாலையிடமிருந்து பழைய பாக்கியை நான் ரகசியமாக வாங்கிக்கொண்டதாக அதே தொழிற்சாலைக்கு அட்டைப்பெட்டி கொடுத்துப் பாக்கி நின்றவர் கொடுத்த புகார் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. அதற்கு நான் சொல்வதாவது:

மேற்படி தொழிற்சாலை எனக்குப் பதினோரு மாதப் பாக்கி வைத்திருந்தது. சென்ற மார்ச் மூன்றாம் தேதி திவால் உத்தரவைக் கேட்டில் ஒட்டினார்கள். ஐந்தாம் தேதி காலை பத்து மணிக்கு, மணல் ஏற்றிய இரண்டு லாரிகளோடும் ஒரு காலி லாரியோடும் நானும் தம்பியும் போனோம். பாக்கி வந்தால் மணலை இறக்குவது, வராவிட்டால் பாட்டில்களை ஏற்றிக்கொண்டு வருவதென்பதே எங்கள் எண்ணம், அதை மறைக்கவில்லை. தம்பி நாற்பது பெட்டி ஏற்றிய பிறகு, நீதிமன்றம் நியமித்த நிர்வாகி வந்தார். உலைக்கூடத்தில் ஷூவின் அடி உருகிவிட்டதால் ரப்பர் செருப்பு போட்டிருந்தார்.

"அதை எறக்கிடுங்கக்கா. உத்தரவு தேதியோட பழைய பாக்கியெல்லாம் நின்னுடுச்சு. நீங்க எடுக்கவும் முடியாது, நான் குடுக்கவும் முடியாது. மனு போடுங்க, பேங்குக்கு அப்புறம் வரிசையில வரும். இன்னிக்கி எறக்குற மணலுக்கு மட்டும் இன்னிக்கே காசு."

"பழசுக்கு நாமம், புதுசுக்குக் காசா?" என்றான் தம்பி.

நிர்வாகி உலை மேஸ்திரியைக் கூப்பிட்டு, என்னை உள்ளே அழைத்துப் போகச் சொன்னார். பத்தொன்பது வருடமாக மணல் கொட்டியும் நான் முற்றத்தைத் தாண்டியதில்லை. மேஸ்திரி நீலக் கண்ணாடி ஒன்றைக் கொடுத்து, சுவரிலிருந்த சிறு துவாரத்தைக் காட்டினார். அதன் வழியே பார்த்தேன். உள்ளே தீயைத் தனியாகக் காணவில்லை. எங்கும் வெளிச்சம், அதன் நடுவே அசையாத ஒரு குளம். ஓரத்தில் என் மணல் திட்டுத்திட்டாக மிதந்து வந்து, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீராகிக் காணாமல் போயிற்று. எவ்வளவு நேரம் நின்றேன் என்று சொல்லத் தெரியவில்லை.

"ஒம்பது வருஷமா அணைஞ்சதில்லம்மா," என்றார் மேஸ்திரி. "நாளைக்கு மத்தியானத்தோட மணல் தீந்துடும். மணல் இல்லன்னா பாட்டில் இல்ல, பாட்டில் இல்லன்னா உலை எரிக்கிற எண்ணெய்க்குக் காசில்ல. ஆறுச்சுன்னா மொத்தமும் ஒரே கல்லாயிடும். உடைச்சு எடைக்குத்தான் போடணும்."

அதன் பிறகு வெளியே வந்து, பெட்டிகளை இறக்கிவிட்டு மணலைக் கொட்டும்படி தம்பியிடம் சொன்னேன். அவன் சாவியை என் முன்னால் எறிந்துவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனான். டிரைவர்கள் இறக்கினார்கள். எங்கே பார்த்தாலும் கண்ணில் அந்த உலை வெளிச்சமே நின்றது. ஆனாலும் ரசீதை இரண்டு முறை படித்தே கையெழுத்திட்டேன். அதிலிருந்தது இரண்டு லோடுக்கான பணம் மட்டுமே. பழைய பாக்கிக்கு எல்லோரையும் போல மனு போட்டேன்.

எட்டு மாதத்துக்குப் பின், எரிகிற உலையோடு தொழிற்சாலையை வேறொருவர் வாங்கினார். முந்நூற்றுப் பத்துப் பேருக்கும் வேலை நிலைத்தது. பழைய பாக்கிக்காரர்களுக்கு நூற்றுக்கு ஏழு கிடைத்தது. எனக்கும் ஏழுதான், புகார் கொடுத்தவருக்கும் ஏழுதான். எனக்கு மணல் கொடுத்த குவாரிக்காரரின் பாக்கியைக் கொடுக்க ஒரு லாரியை விற்றேன்.

உலையைப் பார்த்து மயங்கித்தான் மணல் இறக்கினீர்களா என்று அதிகாரி கேட்டதற்கு: ஆம். பார்க்காமலிருந்தால் இறக்கியிருக்க மாட்டேன்.

யாருடைய தூண்டுதலுமின்றி நானே சொன்னது இது. எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன்; உண்மை, சரியாக உள்ளது.

(கையொப்பம்)