பின்வரிசை நாற்காலிகள்

யுவஸ்ரீ: ஏனுங்ண்ணா, இன்னும் இருபது நாற்காலியா? இப்பத்தான் பத்து எடுத்துட்டுப் போனீங்க...

சென்னியப்பன்: நம்ம சலங்கையாட்டப் பசங்க காலைலருந்து நிக்கறாங்க அம்மணி. கால்ல கட்டியிருக்கறது லேசுப்பட்ட கனமுங்களா?

யுவஸ்ரீ: உங்க குழுவுல பன்னண்டு பேருதானுங்களே?

சென்னியப்பன்: கூட வந்தவிங்களும் இருக்கறாங்க. பின்வரிசை சும்மாதானுங்க கெடக்குது.

யுவஸ்ரீ: அதுதானுங்ண்ணா என்ற வயித்தெரிச்சல். கொங்கு மண்ணின் கலைப் பெருவிழான்னு அவினாசி ரோடு பூரா பேனர். உள்ள பாருங்க... மேடைல முப்பத்தாறு பேரு, கீழ பதினாலு பேரு.

சென்னியப்பன்: பொன்னாடை போத்தறது இன்னும் முடியலீங்களா?

யுவஸ்ரீ: பந்தல் போட்டவரு வரைக்கும் வந்தாச்சு. பொன்னாடை தீந்துபோச்சுன்னு, மொதல்ல போத்துனவிங்ககிட்டயே திருப்பி வாங்கிப் போத்தீட்டிருக்கறோம்.

சென்னியப்பன்: செரி... எங்க ஆட்டம் எப்பங்க?

யுவஸ்ரீ: அடுத்தது நீங்கதான்.

சென்னியப்பன்: மூணு மணிக்கும் இதத்தான் சொன்னீங்க.

யுவஸ்ரீ: அடுத்ததுக்கு அடுத்தது... அதென்னங்ண்ணா சத்தம்? தரையே அதிருது.

சென்னியப்பன்: பசங்க ஒத்திகை பாக்கறாங்க. கதவ நல்லாச் சாத்திக்குங்க, பேசறவிங்களுக்கு எடைஞ்சலா இருக்கும்.

யுவஸ்ரீ: நல்ல மனசுங்ண்ணா உங்குளுக்கு. ஒரு ஒதவி... சிறப்பு விருந்தினர் வர்ற நேரம். நான் இந்த விழாக் கம்பெனில சேந்தே ரெண்டு மாசந்தான். காலி அரங்கத்தப் பாத்தாருன்னா வேல போயிரும். உங்காளுங்கள முன்னாடி உக்காந்து கைதட்டச் சொல்லுங்க.

சென்னியப்பன்: சலங்கையோடயா?

யுவஸ்ரீ: கழட்டிப்போட்டு.

சென்னியப்பன்: கழட்டிப்போட்டா... அப்பறம் ஆடறது?

யுவஸ்ரீ: அது வந்துங்ண்ணா...

சென்னியப்பன்: சொல்லுங்க அம்மணி.

யுவஸ்ரீ: பொய் சொல்லிப்போட்டனுங்ண்ணா. உங்க ஆட்டத்த மத்தியானமே எடுத்துட்டாங்க. நாட்டுப்புறக் கலையக் காப்பாத்தறது எப்படின்னு ஆறு பேரு பேசோணுமாம், நேரம் பத்தலையாம். உங்க மொகத்தப் பாத்துச் சொல்ல வாய் வரல.

சென்னியப்பன்: தெரியுமுங்க. நிகழ்ச்சி நிரல்ல எங்க பேர அடிச்சிருந்ததப் பாத்துப்போட்டேன்.

யுவஸ்ரீ: தெரிஞ்சுமா இருக்கறீங்க? அப்பறம் நாற்காலி எதுக்கு?

சென்னியப்பன்: மூணு மணியிலருந்து கார் நிறுத்தற எடத்துல ஆடீட்டுத்தானுங்க இருக்கறோம். உங்க கூட்டம் பூராவும் அங்கதான். எந்நேரம் நின்னுட்டே பாப்பாங்க, பாவம்...

யுவஸ்ரீ: அட சாமி... விருந்தினர் காரு அந்த வழியாத்தானுங்களே வரும்?

சென்னியப்பன்: வந்து முக்கா மணி நேரமாச்சுங்க. எறங்குனவரு அங்கயே நின்னுபோட்டாரு. முட்டிவலியாமுங்க, நாற்காலி தோதுப்படலையாம்... மேடைல அந்தச் செவப்புச் சோபாவ எடுத்துக்கட்டுங்களா?