எஞ்சின் ஆயிலில் வெள்ளித் துணுக்கு

தில்லி சரோஜினி நகரில் மெட்ரோ ஏறிய இரண்டு தமிழ்ப் பெண்கள் என் எதிரே உட்கார்ந்தார்கள். சின்னவள் வாயைத் திறந்ததுமே நான் காதைத் தீட்டிக்கொண்டேன். மறுநாள் நான் விமானம் ஏற வேண்டும்.

"அக்கா, நான் தின்ன பர்ஃபியால ஒரு விமான எஞ்சினையே பிரிச்சுப் போட இருந்தாங்க."

"என்னடி உளர்ற?"

"எங்க லேப்ல எஞ்சின் ஆயில வடிகட்டின தூசிய எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்ல பாத்தேன். வெள்ளித் துணுக்கு! பேரிங்ல பூசுறது வெள்ளிதானே? பேரிங் தேயுதுன்னு சார்கிட்ட ஓடினேன். எஞ்சின இறக்கச் சொல்லிட்டார்."

"அச்சா, அப்புறம்?"

"மனசு கேக்காம மறுபடி பாத்தேன். தேஞ்சு வந்ததுன்னா அதோட இரும்பும் இருக்கணும்ல? இல்ல. கசங்கின காகிதம் மாதிரி வெறும் வெள்ளி. அப்பதான் என் விரலப் பாத்தேன். பர்ஃபி மேல ஒட்டுற வெள்ளித்தாள் மினுங்குது."

"கையுறை போடலியா, லூசு?"

"ஜல்தில மறந்துட்டேன். புதுசா ஆயில் எடுத்துப் பாத்தா ஒண்ணுமே இல்ல. ஆனா சார்கிட்ட சொல்லணுமே? சேந்து ஒரு மாசம்தான் ஆச்சு, வேல போச்சுன்னே நெனச்சேன்."

"தூக்கலியா?"

"எப்படித் தூக்குவார்? பொண்ணு பாஸாயிட்டான்னு டப்பாவோட லேபுக்குள்ள வந்து, எனக்கு பர்ஃபி குடுத்ததே அவர்தானே!"

இருவரும் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார்கள். ஊருக்குக் கொண்டுபோக வாங்கிய பர்ஃபி டப்பா என் மடியில் இருந்தது. அதைப் பைக்குள் தள்ளி, ஜிப் சரியாக மூடியிருக்கிறதா என்று இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன்.