அட்டைப்படத்து வஞ்சிரம்

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு காலை. திருவொற்றியூரில் ரயிலேறி வாரப் பத்திரிகையை முகத்துக்கு நேரே விரித்திருந்தேன். அதன் அட்டையில், கூடையில் ஒற்றை வஞ்சிரத்தோடு சிரிக்கும் மீன்காரியின் ஓவியம். எதிரே காலிக் கூடைகளோடு நிஜ மீன்காரிகள் இரண்டு பேர்.

"இது மூணு நாளு மீனு," என்றாள் மூத்தவள்.

"இன்னாக்கா சொல்ற? படம்க்கா அது."

"படமா இருந்தா இன்னா? கண்ணு உள்ள பூந்துகீது பாரு. வவுறு தொங்குது. உள்ளத உள்ளபடி வரைஞ்சுகிறான். கெட்டிக்காரன்தான்."

"பொடவை மடிப்புகூட சோக்கா கீதுக்கா."

"கைவேலை தெரிஞ்சவன். மீனு வாங்கத்தான் தெரியல. எவளோ கலீஜ் மீன அவன் தலையில கட்டிகிறா. அவளாலதான் நம்ம எல்லாருக்கும் கெட்ட பேரு. மவளே, கையில கெடைச்சா..."

இளையவள் குனிந்து அட்டையைக் கிட்டத்தில் பார்த்தாள். நான் பக்கத்தைப் புரட்டாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"யக்கா, போன மாசம் கண்ணாடி போட்ட ஒருத்தர் வந்தாரே, 'கொயம்புக்கு இல்லம்மா, பாத்து வரையத்தான்'னு. அவருக்கு நீதானே மீனு குடுத்த?"

மூத்தவள் காலிக் கூடையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். பிறகு சட்டென்று திரும்பினாள்.

"வரையறதுக்குன்னுதானே கேட்டான்? மோந்து பாக்கறதுக்கா கேட்டான்?"